வெள்ளைக்கருவில் பாதி

மாஸ்டரின் வலது கால் பெருவிரல் நிற்குமா போகுமா என்பதை அடுத்த முறை வரும்போது சொல்லிவிடுவதாக அறுவை சிகிச்சை டாக்டர் சொல்லியிருந்தார். அந்த அடுத்த முறை இன்றைக்கு வந்துவிட்டது.

அவளை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சீருடைகள் தைக்கும் கூடத்தில் அவள் கட்டிங் மாஸ்டர். நீள மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, நாள் முழுக்க நின்றபடியே வெட்டுகிற வேலை. வாசலில் ஆள் நுழையும்போதே இடுப்பளவைச் சொல்லிவிடுவாள். பிறகு டேப் வைத்துப் பார்ப்பது ஒரு மரியாதைக்குத்தான்.

சர்க்கரை நோய் அவளுடைய பாதங்களின் உணர்ச்சியை எப்போதோ தின்று முடித்திருந்தது. மேசையிலிருந்து விழுந்த குண்டூசி ஒன்று ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பெருவிரலின் அடியில் ஏறியதை அவள் அறியவே இல்லை. ஊசியோடு வேலை பார்த்து, ஊசியோடு பஸ் ஏறி, ஊசியோடு வீடு வந்து சேர்ந்தாள். தரையில் சிவப்பாகத் தடம் விழுவதைப் பார்த்துவிட்டு, யாருக்குக் காலில் அடிபட்டிருக்கிறது என்று கணவரிடம் கேட்டவளும் அவள்தான்.

அந்தப் புண்தான் ஆறவில்லை.

புண் ஆற வேண்டுமானால் உடம்புக்குப் புரதம் வேண்டும் என்றார் அறுவை சிகிச்சை டாக்டர். முட்டை, மீன், பருப்பு, பயறு, நன்றாகச் சாப்பிடுங்கள் என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் சிறுநீரக டாக்டர் அதையெல்லாம் எடுத்து ஓரமாக வைத்து நாளாகிவிட்டது. சர்க்கரை டாக்டர் கீரை சாப்பிடு என்பார். அந்தக் கீரையில் பொட்டாசியம் இருக்கிறது, அது இரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்பார் சிறுநீரக டாக்டர். அவர் பரவாயில்லை என்று விட்ட வெள்ளைச் சோற்றைச் சர்க்கரை டாக்டர் கண்ணால் பார்க்கச் சம்மதிக்கமாட்டார். இதய டாக்டருக்கு உப்பு ஆகாது. சரி, உப்புக் குறைந்த உப்பு என்று கடையில் விற்கிறதே, அதை வாங்கலாம் என்று போனால், அதில் உப்பைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியத்தைப் போட்டிருந்தார்கள். ஒருமுறை சர்க்கரை இறங்கிக் கை நடுங்கியபோது, யாரோ நல்ல மனதோடு கொடுத்த ஆரஞ்சுச் சாற்றைக் குடித்துவிட்டு, அதிலிருந்த பொட்டாசியத்துக்காக வேறொரு வார்டில் போய்ப் படுத்திருந்தாள். குடிக்கிற தண்ணீர்கூட அளவோடுதான்.

ஒரே வீட்டில் மூன்று மாமியாருக்கு வாழ்க்கைப்பட்ட மாதிரி இருக்கிறது என்று அவள் தையல் கூடத்தில் சொல்லுவாள். ஒருத்தி மெச்சினால் இன்னொருத்திக்கு ஆகாது. இப்போது நான்காவதாக ஒருத்தி வந்திருக்கிறாள், அவள் மட்டும்தான் சாப்பிடு சாப்பிடு என்கிறாள்.

கடைசியில் மருத்துவமனையின் டயட்டீஷியன் பெண்தான் அறுவை சிகிச்சை டாக்டரிடமும் சிறுநீரக டாக்டரிடமும் மாறி மாறிப் போய்ப் பேசி ஒரு சமாதானம் செய்து வைத்தாள். வேளைக்கு இவ்வளவு வெள்ளைக்கரு. மஞ்சள் கரு கூடாது. இதற்கு மேல் ஒரு துண்டு போனாலும் சிறுநீரகம் தாங்காது, ஒரு துண்டு குறைந்தாலும் புண் ஆறாது. மருந்து மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அதைச் சமைத்துக் கொடுக்கும் வேலை கணவருடையது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அவர்களுடைய காதலே ஒரு லிஃப்டில்தான் தொடங்கியது. இரண்டு மாடிக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்ட பெண்ணோடு கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசிக்கொண்டே பழுது பார்த்தவர், பழுது சரியான பிறகும் பேச்சை நிறுத்தவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு சிறுநீரகமும் கெட்டுவிட்டது என்று தெரிந்த அன்று, அவள் அடுப்பங்கரையில் நின்று, இனிமேல் இந்த வீட்டில் உங்களுக்கு ஒரு சமையல் எனக்கு ஒரு சமையலா என்று அழுதாள். அவர் ஊறுகாய் பாட்டிலையும் அப்பளப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

“ரெண்டு சமையல் கிடையாது மாஸ்டர். நீ சாப்பிடறதுதான் நானும்.”

மகன் வேலைக்காக வெளியூர் போன பிறகு வீட்டில் இரண்டே தட்டுதான். அவர் அப்படிச் சொன்ன அன்றிலிருந்து இரண்டு தட்டிலும் ஒரே சாப்பாடு. காயை மெல்லிசாக நறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டிவிட்டு, சத்தும் சுவையும் கழுவப்பட்ட அந்தக் காயை அவர் இரண்டு தட்டிலும் ஒரே அளவாக வைப்பார். வேலைக்குப் போகும்போது இரண்டு டப்பாவிலும் அதுதான்.

இதை அவள் தையல் கூடத்தில் சொல்லாத நாளில்லை. மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பெருமூச்சு விடுவார்கள். ஒருத்தி, உங்க வீட்டுக்காரரை ஒரு வாரம் எங்க வீட்டுக்கு அனுப்புங்க மாஸ்டர், எங்காளுக்கு டியூஷன் எடுக்கட்டும் என்பாள். மாஸ்டர் கத்தரியை நிறுத்தாமல், அதெல்லாம் சொல்லிக் குடுத்து வராதும்மா என்பாள். உடம்பில் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவளிடம் மிச்சமிருந்த ஒரே பெருமை அதுதான்.

வெள்ளைக்கரு வந்த பிறகு ஒரு சங்கடம் முளைத்தது. அது அவளுக்கான மருந்து, எனக்கு வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். இரவுச் சாப்பாட்டில் அவருடைய தட்டில் கொஞ்சம் சோறும் வெளுத்துப் போன சுரைக்காயும் மட்டும் இருக்கும். அதையும் அவர் மெதுவாக, கொஞ்சமாகத்தான் சாப்பிடுவார். போதும் மாஸ்டர், நீ சாப்பிடு என்பார். நாளெல்லாம் லிஃப்ட் குழியில் இறங்கி ஏறுகிற மனிதர். எதிரே உட்கார்ந்துகொண்டு தான் மட்டும் முட்டையை விழுங்க அவளால் முடியவில்லை. தொண்டையில் நின்றது. பாதியை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். முதல் நாள் அவர் தடுத்துப் பார்த்தார். நீங்கள் சாப்பிடாவிட்டால் எனக்கும் இறங்காது என்று அவள் பிடிவாதமாகச் சொன்ன பிறகு சாப்பிட்டுவிட்டார். அடுத்த நாளிலிருந்து தடுக்கவில்லை. மருந்தில் பாதியாவது உள்ளே போகிறதே என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

நடுவில் ஒருநாள் அவருடைய பேன்ட் இடுப்பைப் பிரித்துப் பெரிதாக்கித் தைக்க வேண்டியிருந்தது. பிறகு இன்னொரு முறை. ஊரார் இடுப்பையெல்லாம் கண்ணால் அளக்கிறவள், அவர் சொன்ன காரணத்தை நம்பினாள். வேகவைத்த காய் வாயு, வயிறு உப்பிக்கொள்கிறது என்றார் அவர். அவள் பயந்துபோய், தனக்கு வருகிற மாதிரி அவருக்கும் உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறதோ என்று இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி நச்சரித்தாள்.

இன்று அவர் மருத்துவமனை வாசல்வரை வந்து அவளை இறக்கிவிட்டுப் போனார். ஊரின் அந்தக் கோடியில் ஒரு லிஃப்ட் ஆட்களோடு நின்றுவிட்டதாம், மாலையில் வந்து கூட்டிப் போகிறேன் என்றார்.

டாக்டர் கட்டைப் பிரித்து, விரலை அழுத்தி, ஓரத்தில் கறுத்திருந்ததை வெளிச்சத்தில் பார்த்தார். இரத்தப் பரிசோதனை முடிவையும் பார்த்தார். சாப்பாட்டில் கொடுத்த புரதம் உடம்பில் சேரவே இல்லையே, சாப்பிடுகிறீர்களா இல்லையா என்று கேட்டார். அவள் சாப்பிடுகிறேன் என்றாள். ஒரு வாரம் பார்ப்போம் என்றார் அவர். அதற்குள் ஆறத் தொடங்கினால் விரல் நிற்கும். இல்லாவிட்டால் எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் பாதத்துக்கு ஏறிவிடும்.

டயட்டீஷியன் பெண்ணிடம் அவளால் பொய் சொல்ல முடியவில்லை. மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“அது உங்க விரலுக்குக் குடுத்ததும்மா. அவருக்கு எதுக்கு?”

எனக்காக அவர் பட்டினி கிடக்கிறார் என்று மாஸ்டர் சொன்னாள். சொல்லும்போது இந்த நிலையிலும் குரலில் பழைய பெருமை கொஞ்சம் ஏறியது. விட்டுப்போன பாதிகளையெல்லாம் சேர்த்து இந்த வாரம் சாப்பிட்டுவிடலாமா என்று கேட்டாள். அந்தப் பெண் மறுத்துத் தலையசைத்தாள். கூடச் சாப்பிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும். விட்டது விட்டதுதான். இனிமேலாவது முழுசாகச் சாப்பிடுங்கள், அவர் வெளியில் நல்லதாக ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளட்டும், அதற்கு முதலில் அவரைச் சம்மதிக்க வையுங்கள் என்றாள்.

சம்மதிக்க வைப்பது தன்னால் ஆகாது என்று மாஸ்டருக்குத் தெரியும். ஆனால் அவருடைய தங்கையால் ஆகும். தங்கையின் வீடு மருத்துவமனைக்குப் பின்தெருவில், அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தது. மகளுக்கே கல்யாணம் செய்து கொடுத்துவிட்ட அவளை அந்தக் குடும்பத்தில் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன்மேல் உயிர்.

மாஸ்டர் கட்டுப்போட்ட காலின் ஓரத்தை ஊன்றி ஊன்றி அந்தத் தெருவைக் கடந்தாள். பாப்பா கதவைத் திறந்தபோது கையில் கரண்டி இருந்தது. வாங்க அண்ணி என்றவள் வழிவிடாமல் அங்கேயே நின்றாள். வீட்டுக்குள்ளிருந்து மீன் பொரிகிற வாசனை வந்தது. எத்தனை நாளாயிற்று அந்த வாசனையை முகர்ந்து என்று மாஸ்டர் நினைத்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி, வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்ததைச் சொன்னாள்.

“பாப்பா, உங்கண்ணன் என்கூடச் சேந்து வயித்தக் காயப்போடறார். வாரத்துல ஒரு நாளாவது கூப்பிட்டு நல்ல சோறு போடும்மா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே. ரோஷக்காரர், வரமாட்டார்.”

பாப்பாவின் முகம் வெளுத்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. நிறைந்த வாயோடு பேசுகிற குரல்.

“பாப்பா, வாலுப் பக்கம் இன்னொரு துண்டு இருக்கா?”

மாஸ்டர் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். சுவரோரம் அவருடைய கருவிப் பை இருந்தது. பட்டையில் அறுந்த இடத்தை அவளே இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்த பை.

உள்ளே போய், அவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவருடைய தட்டில் சோறு மலையாக இருந்தது. பொரித்த மீன், உருளைக்கிழங்கு, ஓரத்தில் ஊறுகாய். பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது.

பாப்பாதான் முதலில் பேசினாள். நான்தான் வற்புறுத்தினேன் அண்ணி என்றாள். லிஃப்ட் குழியில் இறங்குகிற வேலை, நோயாளிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் தலைசுற்றி விழுந்தால் யார் பொறுப்பு என்றாள். தவறொன்றும் இல்லை, நானும் அதைக் கேட்கத்தானே வந்தேன் என்றாள் மாஸ்டர். அந்தக் குரல் இயல்பாக இருந்ததில் பாப்பாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. சிரிக்கவைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள் போல.

“அந்த டப்பாச் சோத்தை ஒருநாள் கீழ பூனைக்கு வெச்சேன் அண்ணி. மோந்து பாத்துட்டு என்னையே ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க.”

மாஸ்டருக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. பூனைக்கே இறங்காததைத்தான் இத்தனை காலமாக உப்பில்லாமல், உறைப்பில்லாமல், நன்றியோடு விழுங்கிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது இன்னும் சிரிப்பு வந்தது. அவள் சிரிப்பதைப் பார்த்துக் கணவரும் லேசாகச் சிரிக்க முயன்றார். அப்போது நிறுத்தினாள்.

எவ்வளவு நாளாக என்று கேட்டாள். முதல் ஒரு மாதம் தாக்குப்பிடித்தேன், அதற்கு மேல் முடியவில்லை என்றார் அவர். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றாள்.

“எப்படிச் சொல்றது மாஸ்டர்? நீ தையல் கூடம் பூராவும் சொல்லி வெச்சிருக்கே. அங்க வந்தா அந்தப் பொண்ணுங்க என்னைக் கோயில்ல வெச்ச மாதிரி பாக்குதுங்க. உன் முகத்துல இருக்கிற அந்த ஒரு சந்தோஷத்தையும் நானே கெடுக்கணுமா?”

அதில் உண்மை இருந்தது. அன்பும் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“நீங்க இங்க சாப்பிட்டதை நான் கேக்கல. வயிறு நெறையச் சாப்பிட்டுட்டு வந்து, ராத்திரி நான் வெச்ச பாதியை எதுக்கு எடுத்துக்கிட்டீங்க?”

அவர் தட்டைப் பார்த்தார். பாப்பா கரண்டியை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். முட்டை விஷயம் அவளுக்குப் புதிது.

“வேண்டாம்னு அழுத்திச் சொன்னா… பசியில்லையான்னு கேப்பே.”

“ம்.”

“பாதி முட்டைதானேன்னு நெனச்சேன்.”

அது என் விரல் என்று அவள் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதை மட்டும் சொன்னாள்: உடம்பில் சேரவில்லை, ஒரு வாரம் பார்ப்பார்கள், சேர்த்துவைத்துச் சாப்பிடவும் வழியில்லை. அவர் எழுந்துகொள்ளப் பார்த்தார். சோறு கையில் காய்ந்திருந்தது.

“உக்காந்து சாப்பிட்டு முடிங்க. எனக்காக எச்சக் கையோட எழுந்திருக்க வேண்டாம்.”

அந்த ஒரு வாரம் அவள் தன் பங்கை முழுசாகச் சாப்பிட்டாள். அவர் சமைத்து வைத்துவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொள்வார். தொண்டையில் எதுவும் நிற்கவில்லை. இவ்வளவு சுலபமாக இறங்குகிறதே என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. ஆனால் கறுப்பு நகத்தைத் தாண்டி மேலே வந்திருந்தது. வார முடிவில் டாக்டர் அதிகம் பேசவில்லை. பெருவிரலை எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்தபோது கணவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலாகப் பாதத்தைத் தொட்டும் தொடாமலும் கை வைத்து அழுதுகொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில் அம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தன் மருமகளிடம், பார், மனுஷன் என்றால் இப்படி இருக்கணும் என்றாள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரே ஒரு மாற்றம் கேட்டாள். இனி இரண்டு சமையல். அவருடைய சோறு, மீன், உப்பு, ஊறுகாய், எல்லாம் இந்த வீட்டிலேயே, இந்த மேசையிலேயே, அவள் எதிரிலேயே. அவர் கெஞ்சினார். அவள் முன்னால் வைத்துக்கொண்டு தன்னால் சாப்பிட முடியாது என்றார். முதல் நாள் மீன் துண்டைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

“சாப்பிடுங்க. ஒளிஞ்சு சாப்பிட்டப்ப எறங்குச்சு, எதுத்தாப்ல நான் உக்காந்தா எறங்கலியா?”

அவர் சாப்பிட்டார். அவளும் சாப்பிட்டாள், வெள்ளைக்கருவைத் துண்டு துண்டாக, கடைசித் துண்டு வரை. வாசனை மூக்கைத் துளைத்தது. நாக்கில் நீர் ஊறியது. பொறாமையும் வந்தது. கணவர் தன்னோடு பட்டினி கிடக்கிறார் என்று நம்பியிருந்த காலத்தில் இந்தப் பொறாமையை அவள் அறிந்ததே இல்லை. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, இரண்டு வேறு வீடுகளில் சாப்பிடுகிறவர்கள்போலச் சாப்பிட்டு எழுந்தார்கள். மாஸ்டர் என்று அவர் கூப்பிடும்போது அவள் திரும்பிப் பார்த்தாள், பதில் சொன்னாள், மாத்திரை எடுத்துத் தரச் சொன்னாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை போட்டால் ஒருவேளை தீர்ந்திருக்கும்.

தையல் பிரிக்கிற நாளில் அவரும் கூடவே உள்ளே வந்தார். டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். விரல் இருந்த இடத்தில் தோல் இளஞ்சிவப்பாக, சுருக்கமில்லாமல் கூடியிருந்தது. முடிவுகளைப் பார்த்தார். புரதம் ஏறியிருந்தது, சிறுநீரகமும் கெடவில்லை. இத்தனை வியாதியை வைத்துக்கொண்டு இப்படி ஆறுவது அபூர்வம் என்றார். பிறகு கணவரின் தோளில் தட்டினார்.

“நல்லா பாத்துக்கிட்டீங்க சார். என்ன பண்ணீங்க இந்த முறை?”

அவர் அவளுடைய செருப்பு எங்கே என்று கீழே பார்த்தார்.

“எனக்குன்னு வெச்சதை நானே சாப்பிட்டேன் டாக்டர்,” என்றாள் மாஸ்டர். “வேற ஒண்ணும் மாத்தல.”

டாக்டர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. அவளுடைய செருப்பைக் குனிந்து எடுத்து, பாதத்துக்குப் பொருத்திப் பார்த்து, முன்பக்கம் விட்டுப்போன இடைவெளியில் பஞ்சை மடித்து வைத்தார். நேர்த்தியாக, தன் வேலையைச் செய்வது போலச் செய்தார்.

வெளியே வராந்தாவை அப்போதுதான் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தரை ஈரமாகப் பளபளத்தது. பெருவிரல் இல்லாத கால் தரையை உந்துவதற்கு இன்னும் பழகவில்லை. ஒவ்வோர் எட்டிலும் உடம்பு முன்னே சாய்ந்தது. அவர் கையை நீட்டினார். அவள் சுவரைப் பார்த்தாள். சுவர் எட்டவில்லை.

நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.